கோப்பெங் பாலைவனம்

ஈப்போவில் கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, 'டத்தோ' பட்டம் வாங்கிய இராசையாவைத் தலைவராக்கி, அவர் சாய்ந்துகொள்ளத் தோல் நாற்காலியும் வாங்கிப் போட்ட பிறகுதான், பாலைவனம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது.

வாரியத்தின் முழுப்பெயர் 'வறண்ட நில, உவர்ச்சதுப்புச் சூழல் மண்டலப் பாதுகாப்பு வாரியம்'. வெளிநாட்டில் எங்கோ ஒரு மாநாட்டில், ஒவ்வொரு நாடும் தன் சூழல் மண்டலங்களை எல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். காட்டுக்கு ஏற்கனவே இலாகா இருந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் இருந்தது. மிஞ்சியது பாலைவனமும் உப்புச் சதுப்பும். மிஞ்சியதற்கு ஒரு வாரியம் என்று முடிவாயிற்று. மத்தியானத்துக்கு மேல் குடை இல்லாமல் வெளியே போகிறவன் அசலூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிற ஊர் ஈப்போ. அந்த ஊரில் பாலைவன வாரியம் எதற்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால் அந்த வேலை தனக்குக் கிடைக்காமல் போகுமே.

"இருப்பதை யார் வேண்டுமானாலும் பாதுகாக்கலாம். இல்லாததைப் பாதுகாப்பதற்குத்தான் நம்மைப் போன்றவர்கள் வேண்டும்" என்று டத்தோ முதல் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே பழக்கம். எந்த மேசை கொடுத்தாலும் அதற்கு ஒரு கொள்கை கண்டுபிடித்துவிடுவார்.

பாலைவனத்தையும் அவரே கண்டுபிடித்தார். கோலாலம்பூருக்குப் போகிற வழியில், கோப்பெங் தாண்டியதும், அவருடைய காடியின் டயர் பஞ்சரானது. டிரைவர் டயர் மாற்றுகிற நேரத்தில் டத்தோ கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வெயிலில் வெள்ளை வெளேரென்று மணல் கிடந்தது. "அதோ!" என்றார். டிரைவர் பாம்பு என்று நினைத்துத் துள்ளினான்.

அவர் பார்த்தது பழைய ஈய லம்பம். ஈயத்தை அள்ளிக்கொண்டு போனவர்கள் வேண்டாத மணலை அங்கேயே துப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மணலுக்கு நடுவே தோண்டின பள்ளம் பெரிய குட்டையாக நிறைந்திருந்தது. குட்டைக்கு மேலே மேட்டில் ஒரு கல்வீடு. வீட்டைச் சுற்றிக் கொய்யாத் தோட்டம். அதுதான் அப்பாவுவும் அவர் மனைவி மங்களமும் இருந்த இடம்.

இருவரும் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்கள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது, மற்றவர்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு இந்த மணலுக்கு வந்தார்கள். கோழி எருவையும் நெல் உமியையும் வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி, மணலைக் கெஞ்சி, கொய்யாவை எழுப்பினார்கள். குட்டையில் வாத்தும் தீலாப்பியா மீனும் விட்டார்கள். நிலம் அரசாங்கத்துடையது. அரசாங்கம் அதை மறந்துபோயிருந்தது. அந்த மறதியில்தான் அவர்களுடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

வாரியத்தின் வேன் வந்து நின்றபோது அப்பாவு கொய்யாப் பிஞ்சுகளுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட ஆட்கள் இறங்கி மணலைக் கையில் எடுத்து முகர்ந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவள் சாந்தினி, வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. சின்ன வயசுதான். நல்ல மரியாதையாகப் பேசினாள்.

"அங்கிள், இது என்ன இடம்னு தெரியுமா?"

"பழைய லம்பம்மா. ஈயம் எடுத்த இடம்."

"இல்ல அங்கிள். இது பாலைவனம்."

அப்பாவு சுற்றிப் பார்த்தார். வாத்துகள் குட்டையில் தலைகீழாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

"ரொம்ப மோசமா பாதிக்கப்பட்ட பாலைவனம்," என்றாள் சாந்தினி. அவள் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

"அட பாவமே! யாரும்மா இப்படிப் பண்ணது?"

"நீங்கதான் அங்கிள்."

கொய்யா இந்த மண்ணுக்கு உரியதில்லை, வெளிநாட்டிலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட செடி என்று அவள் பொறுமையாக விளக்கினாள்.

"எங்க தாத்தாவும் கப்பல்ல வந்தவருதாம்மா," என்றார் அப்பாவு.

"அது வேற இலாகா அங்கிள்."

அவருக்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, காலி செய்துவிட்டு ஈப்போவில் பதினாலாவது மாடிக்குப் போவது. இன்னொன்று, வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற 'பாலைவனவாசி'யாக அங்கேயே இருப்பது. பாலைவனவாசி பாலைவனத்தை மீட்க ஒத்துழைக்க வேண்டும். மீட்பது என்றால், மரங்களை வெட்டுவது.

மங்களம் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேன் போனதும் வெளியே வந்தாள்.

"கேட்டாங்கன்னு கழுத்த நீட்டுவீங்களா நீங்க?"

"வெட்டலன்னா பிளாட்டுக்குப் போவணும். லிஃப்ட் ரொசாக்காகி நின்னுபோன நாளு உன் முட்டிய வச்சிக்கிட்டு எப்படி ஏறுவ?"

"ஏறாம கீழயே கெடந்து சாவறேன். மரத்த வெட்டாதீங்க."

அப்பாவு வெட்டினார். முதல் மரத்துக்கு மட்டும் விழா எடுத்தார்கள். மரத்தில் சிவப்பு நாடா கட்டி, நாடாவை டத்தோ கத்திரிக்கோலால் வெட்ட, மரத்தை அப்பாவு பாராங் கத்தியால் வெட்டினார். காய் நிறைந்த மரம். விழுந்தபோது கொய்யாக்கள் உருண்டோடின. வந்திருந்தவர்கள் பொறுக்கித் தின்றார்கள். இனிப்பாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

"நண்பர்களே, நூறாண்டுகளாக இந்தப் பாலைவனம் கேட்பாரற்றுக் கிடந்தது," என்று டத்தோ பேசினார். "பசுமை என்ற பெயரில் இங்கே ஒரு பெரிய அழிவு நடந்திருக்கிறது. ஆனால் இதற்குக் காரணமானவரை நாங்கள் தண்டிக்கவில்லை. அவர் கையிலேயே பாராங்கைக் கொடுத்திருக்கிறோம். இதைவிடக் கருணை வேறென்ன இருக்க முடியும்?"

கருணை என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டியது. கூடாரத் துணி தொப்பையாகத் தொங்கியது. டத்தோ நகரவில்லை. மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்டப் பேசி முடித்தார். மறுநாள் வாரியத்தில் உத்தரவு போட்டார்கள். பாலைவன எல்லைக்குள் 'மழை' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'எதிர்பாராத ஈரம்' என்று சொல்ல வேண்டும். குடைகளைக் கொண்டுவரலாம், வெயிலுக்காக.

பக்கத்து மணலில் ஆடு வளர்த்த சீனிக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "அப்பாவு அண்ணே, நேத்து ராவு முழுக்க எதிர்பாராத ஈரம், கூரையெல்லாம் ஒழுகுது லா!" என்று தினமும் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார். அவருடைய ஆடுகளைப் பார்க்க வாரியத்தார் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். ஆடு பாலைவனத்துக்கு ஏற்ற பிராணிதான், ஆனால் பாலைவன ஆடு இவ்வளவு கொழுக்கக் கூடாது, தீனியைக் குறையுங்கள் என்றார்கள். சீனி ஆடுகளை விற்றுவிட்டுக் கமுந்திங்கில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

போகிற அன்று, "வாங்கண்ணே, நம்ம கூட வந்துருங்க. இவனுங்க நம்மள மனுசனா வச்சிப் பாக்கல," என்றார்.

"பதவி குடுத்திருக்காங்கடா. பாலைவனவாசி."

"பதவிய வச்சி நாக்கு வழிக்கவா?" என்றாள் மங்களம். சீனியின் லோரி மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

அடுத்தது உப்புச் சதுப்பு. வாரியத்தின் பெயரில் இரண்டு நிலம் இருந்தது. ஒன்றுதான் கிடைத்திருந்தது. உண்மையான சதுப்பு சித்தியவான் பக்கம் கடலோரத்தில் இருக்கலாம், ஆனால் அங்கே போய்வர நேரமாகும், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் நிர்வாகம் சுலபம் என்று டத்தோ கருதினார். லோரிகளில் உப்பு மூட்டை வந்து இறங்கியது. அப்பாவுவும் கூலி ஆட்களும் குட்டையில் கொட்டினார்கள்.

மீன்கள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்தன. பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கின. வாத்துகள் சில நாள் கரையிலேயே நின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மங்களம் கடைசி வாத்தை மடியில் வைத்துக்கொண்டு நல்ல தண்ணீர் புகட்டிப் பார்த்தாள். அதன் கழுத்து அவள் கையிலேயே துவண்டது.

"மீன்கள் இந்த மாற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் சூழல் மண்டலம் என்பது தனிப்பட்டவர்களின் விருப்பத்தைப் பார்ப்பதில்லை," என்றார் டத்தோ, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு.

ஆனால் எதிர்பாராத ஈரம் தினமும் பெய்துகொண்டிருந்தது. குட்டை நிறைந்து வடிகால் வழியாக ஓட, உப்பும் சேர்ந்து ஓடியது. கொட்டக் கொட்டக் கரைந்தது. வடிகாலை மண் போட்டு அடைத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது.

"அடைச்சா தண்ணி எங்கிட்டும்மா போவும்?" என்று அப்பாவு சாந்தினியைக் கேட்டார்.

"என்ன தண்ணி அங்கிள்?"

அவர் வானத்தைக் காட்டினார். சாந்தினி வானத்தைப் பார்க்கவில்லை. தன் காலணியைப் பார்த்தாள். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க அங்கிள்," என்றாள் மெதுவாக. "எனக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாச்சு."

வடிகால் அடைபட்டது. கிணற்றுத் தண்ணீரும் கரித்தது. அப்பாவு மோட்டார் சைக்கிளில் கோப்பெங்குக்குப் போய்ப் பீப்பாயில் குடிதண்ணீர் பிடித்து வந்தார். வாரியம் இதைக் கேள்விப்பட்டு மிகவும் மகிழ்ந்தது. நெடுந்தூரம் சென்று நீர் கொண்டுவருதல் பாலைவன மக்களின் மரபு என்று, அவர் பீப்பாயோடு வருவதைப் படம் பிடித்துக்கொண்டது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அனைத்துலகப் பார்வையாளர்கள் வர ஒப்புக்கொண்டார்கள். வாரியத்தில் திருவிழாக் களை வந்துவிட்டது. டத்தோவே நேரில் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கல்வீட்டின் முன் நின்று முகத்தைச் சுளித்தார்.

"மிஸ்டர் அப்பாவு, பாலைவனவாசி கல்வீட்டில் இருப்பானா?"

"வேற எங்க டத்தோ இருக்கறது?"

"கூடாரத்தில். சதுப்பின் ஓரமாக. படத்தில் இரண்டும் சேர்ந்து விழும்."

"அது பள்ளம் டத்தோ. பெஞ்சா எங்க ரெண்டு பேருக்கும்…"

"பெய்தால்?" என்றார் டத்தோ.

வீட்டை ஒரு காலைப்பொழுதில் இடித்தார்கள். மங்களம் சாமி படத்தையும் அம்மிக் குழவியையும் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிப் பள்ளத்தில் இறங்கினாள். மேட்டில் வீடு இருந்த இடத்தில் உடனே வேறு கட்டடம் எழும்பியது. சிமெண்ட் தளம், உயரமான கூரை, காற்றாடி. இரண்டு பேரும் தங்களுக்குத்தான் கட்டுகிறார்களோ என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு லோரியில் ஒட்டகம் வந்து இறங்கியது.

"அதுக்கு ஈரம் ஆவாது ஆன்ட்டி," என்றாள் சாந்தினி. "காலு அழுகிரும்."

மங்களம் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் கால்களைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். சாந்தினி உடனே காடிக்கு ஓடிப்போய் மருந்துக்களிம்பு எடுத்துவந்து கொடுத்தாள். நல்ல பெண்தான்.

பார்வையாளர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், தீபாவளி மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் தொடங்கியது மத்தியானமாகியும் விடவில்லை. மலைப்பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளத்துக்கு வந்தது. போக வழியில்லை. கூடாரத்துக்குள் கணுக்காலளவு ஏறியதும் அப்பாவு பொம்பாவுக்குப் போன் போட்டார். தீயணைப்பு, மீட்பு எல்லாம் அவர்கள் வேலைதானே.

"அது வாரியத்தோட எல்லை. கேட்டுட்டுச் சொல்றோம்," என்றார்கள். கேட்டார்கள். பாலைவனத்தில் வெள்ளம் வருவதில்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று வாரியத்தில் பதில் சொன்னார்கள். இரண்டாம் முறை போன் போட்டபோது, பொய் அழைப்புக்குத் தண்டனை உண்டு என்று எச்சரித்தார்கள்.

அப்பாவு சாந்தினிக்குப் போட்டார்.

"சாந்தினி, வெள்ளம்மா! முட்டிக்கு மேல வந்துருச்சு!"

"அங்கிள், வெள்ளம்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைக்கு நான் ஆள் அனுப்ப முடியாது. வேற மாதிரி சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? ஆன்ட்டியால நடக்க முடியல!"

"ஒட்டகத்துக்கு லோரி அனுப்பிட்டாங்க அங்கிள். அதுல கேட்டுப் பாருங்க." அவள் அழுகிற மாதிரி இருந்தது.

லோரி வந்தது. மேட்டில் காயாமல் நனையாமல் நின்ற ஒட்டகத்தை ஏற்றினார்கள். அப்பாவு இடுப்பளவு தண்ணீரில் விழுந்தடித்துப் போய் லோரி ஓட்டுநர் தர்மாவின் கதவைத் தட்டினார். தர்மா உடனே மேலே கேட்டான். போன் கைமாறிக் கைமாறி டத்தோவிடம் போயிற்று. டத்தோவின் குரல் நிதானமாக வந்தது.

"ஒட்டகத்தைக் கொண்டுபோனால் அது இடமாற்றம். ஆளைக் கொண்டுபோனால் அது வெளியேற்றம். வெளியேற்றம் என்றால், எதிலிருந்து என்று கேட்பார்கள். நாளை மறுநாள் பார்வையாளர்கள் வருகிறார்கள், தர்மா. கொஞ்சம் யோசி."

தர்மா தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, இத எறக்கிட்டு ஒடனே திரும்பி வாரேன். அத்தைய மட்டும் மேட்டுக்கு ஏத்திருங்க." லோரி போயிற்று. ஒட்டகம் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே போனது.

அப்பாவு கூடாரத்துக்குத் திரும்பி மங்களத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

"என்னிய விட்டுட்டுப் போங்க," என்றாள் அவள், அவர் காதோரம்.

"வாய மூடு."

"சீனி கூப்பிட்டப்பவே போயிருக்கலாம்ல."

"ஆமா," என்றார் அப்பாவு. அவள் சொன்னதை அவர் உடனே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அடுத்த அடியில் காலடி மணல் கரைந்து சரிந்தது. ஒரு கையில் கொய்யா மரத்தின் அடிக்கட்டை ஒன்று அகப்பட்டது. மரம் இருந்திருந்தால் இரண்டு பேர் ஏறியிருக்கலாம். கட்டையைத் தரையோடு வெட்டச் சொன்னது வாரியம். அது ஒரு கை பிடிக்கத்தான் காணும். இன்னொரு கை அவளைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தர்மா திரும்பி வந்தபோது அந்தக் கை விரித்தபடி இருந்தது.

மறுநாள் வடிகாலைத் திறந்துவிட்டார்கள். மங்களம் சேற்றில் கிடைத்தாள்.

பார்வையாளர்கள் வருவதை ஒத்திவைக்க முடியாது. அதனால் வரவேற்புக் கூட்டமே இரங்கல் கூட்டமும் ஆயிற்று. அன்றைக்கென்று வெயில் சுட்டெரித்தது. மணல் புதிதாகக் கழுவி விட்டதுபோல் பளபளத்தது. வெள்ளைக்காரர்கள் கண்கூச நின்று, அற்புதமான பாலைவனம் என்றார்கள்.

"அன்னை மங்களம்," என்று டத்தோ தொடங்கினார். குரல் தழுதழுத்தது. "இந்தக் கொடிய நிலத்தை நேசித்து, இதைவிட்டுப் போக மறுத்து, தாகத்தால் உயிர் நீத்தார். அவர் நுரையீரலில் தண்ணீர் இருந்ததாக மருத்துவர் சொல்கிறார். இருக்கலாம். தாகத்தின் உச்சத்தில் மனிதர் அளவு தெரியாமல் குடித்துவிடுவது உண்டு. மலேசியப் பாலைவனத்தின் முதல் தியாகி அவர். ஒரு பாலைவனம் உண்மையான பாலைவனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரு வாரியம் உயிரோட்டத்துடன் இயங்குகிறது என்பதற்கு, ஓர் உயிர் போனதைவிடச் சான்று வேண்டுமா?"

பலத்த கைதட்டல். டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மையாரின் கணவர் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். சாந்தினி அப்பாவுவின் கையைப் பிடித்து மைக்குக்குக் கூட்டிவந்தாள். "நன்றின்னு சொன்னா போதும் அங்கிள்," என்று கிசுகிசுத்தாள். "டத்தோ உங்களுக்குக் கீழ்மாடியிலேயே வீடு சொல்லி வச்சிருக்காரு."

அப்பாவு மைக்கைப் பிடித்தார். அடிக்கட்டையைப் பிடித்து உரிந்த கை. கூட்டத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் தலையைச் சாய்த்து, பரிவோடு காத்திருந்தார்கள். முதலில் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"எம் பொண்டாட்டி," என்றார். "தண்ணியில… செத்தா."

டத்தோ இராசையா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "கேட்டீர்களா? தண்ணி இல்ல, செத்தா! கேட்டீர்களா?"

"தண்ணியில!" என்று அப்பாவு கத்தினார். "தண்ணியில, தண்ணியில!"

சாந்தினி தலையை நிமிர்த்தாமல் விருந்தினர்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று கதறுகிறார் என்றாள். விருந்தினர்களில் ஒரு மூதாட்டி வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். தன் கைப்பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்துத் திறந்துகொண்டே மேடைக்கு ஓடிவந்தாள். அப்பாவுவின் பின்தலையைத் தாங்கிப் பிடித்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் வாயில் வைத்தாள். கேமராக்காரர்கள் எல்லாரும் முன்னால் வந்து குந்தினார்கள்.

நேற்றிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. மணல்வெயில் வேறு. அப்பாவு கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தார்.